அந்த அளவு இனி வராது

போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அக்பர் அலிக்குப் புதிய காமிரா ஒட்டாது என்பது கோயமுத்தூர் ராஜவீதியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாராவது புதிதாக வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் மரியாதையாகக் கையில் வாங்குவார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். அதே ஆள், ஆனைமலைக்கு மேலே ஏதோ ஓர் எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டால் போதும், ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

சுதந்திரம் வந்த பிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி, பீங்கான், துப்பாக்கி எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. காமிராவுக்கு அக்பர் அலி ஒருவர்தான். மடக்கு காமிரா, பெட்டிக் காமிரா, ஒரே சமயத்தில் இரண்டு படம் எடுக்கும் இரட்டைக் கண் காமிரா என்று ஒவ்வொன்றாகக் கோட்டைமேட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பெரும்பாலானவற்றுக்குப் பிலிம் கிடைக்காது. செய்த கம்பெனியே மூடிப்போயிருக்கும். "இதைச் செஞ்சவங்க இப்ப இல்ல" என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும், ஏதோ அந்தக் கம்பெனிக்காரர்கள் போகும்போது இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன மாதிரி.

தொழில் நடந்தது வேறொன்றில். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ஜெர்மன் மரக் காமிரா அது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் பின்பக்கத்துக் கண்ணாடியில் ஆட்கள் தலைகீழாக நிற்பார்கள். பிலிம் கிடையாது, உள்ளங்கையைவிடப் பெரிய கண்ணாடி பிளேட் ஒன்றுக்கு ஒரு படம். அந்தக் காமிராவைச் செய்த தொழிற்சாலை யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்துபோனது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் கண்ணாடி பிளேட்டில்தான் அவருடைய மனைவி மெஹராஜின் வேலை இருந்தது.

மெஹராஜ் பிறந்த வீட்டில் தொப்பிக்குப் பூவேலை செய்து பழகியவள். அந்த விரல்களைப் பார்த்துத்தான் அக்பர் அலி ரீடச்சிங் கற்றுக்கொடுத்தார். கழுவிக் காயவைத்த பிளேட்டை ஜன்னலோரம் சாய்வு மேசையில் பொருத்தி, கீழே ஒரு கண்ணாடியை வைத்து வெளிச்சத்தை மேலே அனுப்ப வேண்டும். நெகட்டிவில் முகம் கறுப்பாகவும் கூந்தல் வெளுப்பாகவும் இருக்கும். முகத்தில் இருக்கும் ஒவ்வொரு குழியும் கோடும் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அந்தப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு அடைக்க வேண்டும். படம் போட்டால் குழி மறைந்திருக்கும்.

அப்போது அம்மை போடாத வீடு இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வரும் பெண்களில் பாதிப்பேர் முகத்தில் தழும்போடு வருவார்கள். அவர்களுக்குத்தான் மெஹராஜ் அதிகம் மெனக்கெடுவாள். முழுக்கத் துடைத்துவிட மாட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்துப்போட்டா நாளைக்கு நேர்ல பாக்கறவன் ஏமாத்திப்போட்டாங்கன்னு சொல்லுவானுங்க. பாதிய எடுத்தாப் போதும். மீதிய அவ சிரிப்பு பாத்துக்கும்" என்பாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. மெஹராஜ் வீட்டைவிட்டு வெளியே போவதும் குறைவு. நோன்புப் பெருநாள், போத்தனூரில் இருந்த அக்கா வீடு, அவ்வளவுதான். ஆனால் கோயமுத்தூரில் பாதிப்பேரின் முகம் அவளுக்குத் தெரியும். மில் முதலாளிகளின் வீட்டுப் பெண்கள், பஞ்சு வியாபாரிகள், வக்கீல்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லோரும் அந்த மேசை வழியாகப் போனவர்கள். எப்போதாவது கடைத்தெருவில் நடக்கும்போது அக்பர் அலியின் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "ஏனுங்க, அந்த அம்மணி நம்ம கிட்டப் படம் எடுத்தவங்க. எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும் பாருங்க." அவர் பார்ப்பார். இருக்கும். அவருக்கு அந்தப் படம் எடுத்ததே ஞாபகம் இருக்காது.

பக்கத்துத் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த மயில்சாமி ஐம்பத்தாறாம் வருஷம் காந்திபுரத்துக்கு மாறினார். கழுத்தில் தொங்கவிடும் சின்னக் காமிரா, ஒரு சுருளில் ஏராளமான படம், கண்ணைப் பறிக்கும் பிளாஷ் எல்லாம் வாங்கிவிட்டார். கல்யாண வீடுகள் அவர் பக்கம் போகத் தொடங்கின. போட்டிக்காரர்தான், ஆனால் நல்ல மனுஷர். வாரம் ஒரு தடவை அக்பர் அலியின் ஸ்டூடியோவுக்கு வந்து டீ குடிப்பார்.

"பாய், நாஞ்சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொட்டிய மூலைல வெச்சுப்போட்டு நீங்களும் ஒண்ணு வாங்கிருங்க. தாலி கட்டறப்ப அசையாம நில்லுன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்ல முடியுமாங்க?"

"அந்தத் தம்மாத்தூண்டு பிலிம்ல எங்கூட்டுல எப்படிங்க பென்சில் வெப்பாங்க?" என்பார் அக்பர் அலி. "மெஹராஜ் கை படாம எங்கடையில இருந்து ஒரு படம் வெளிய போனதில்லைங்க."

இது அவருடைய வழக்கமான பதில். பொய்யில்லை. ஆனால் முழுக் காரணமும் அதில்லை. அந்தக் காமிராவின் பித்தளை வளையத்தைத் திருப்பும்போது விரலில் படும் வழுவழுப்பு, விரிந்து மடங்கும் தோல் துருத்தியின் வாசனை, துணிக்குள் இருக்கும் அந்த இருட்டு, இவற்றை விட்டுவிட அவரால் முடியவில்லை.

ஐம்பத்தெட்டில் பிளேட் தருவிக்கும் மெட்ராஸ் ஏஜெண்டு நேரில் வந்து சொல்லிவிட்டார். ஜெர்மன் காமிராவுக்குப் போடும் அந்த அளவு பிளேட் இனி வராது. செய்கிறவர்களே நிறுத்திவிட்டார்கள். இங்கிலீஷ் அளவு கொஞ்சநாள் கிடைக்கும், அதுவும் இறக்குமதி லைசென்ஸ் கிடைத்தால்தான். இங்கிலீஷ் பிளேட் ஜெர்மன் காமிராவுக்குக் கொஞ்சம் சின்னது. அக்பர் அலி அட்டையைக் கத்தரித்து ஓரங்களில் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். வேலை செய்தது. பிறந்த குழந்தைக்குச் சட்டை தைத்தவர் மாதிரி சந்தோஷப்பட்டார்.

மறுவருஷம் பங்குனி வெயிலில் நோன்பு வந்தது. ஒருநாள் மாலை நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது மெஹராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலைய வலிக்குதுங்க. பல்பச் சுத்தி வானவில்லாட்டத் தெரியுது."

"பட்டினி கெடந்த களைப்பு. ரெண்டு வாய் சேத்திக் குடி."

"முந்தா நேத்தும் இப்படித்தாங்க இருந்துச்சு. பெருநாள் முடிஞ்சு கண்ணு டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்தரலாமாங்க?"

"போலாம்" என்றார் அவர்.

பெருநாள் முடிந்த அதே வாரம் மயில்சாமி ஒரு சேதி கொண்டுவந்தார். மெட்ராஸில் ஒரு பழைய ஸ்டூடியோவைக் கலைக்கிறார்கள். ஜெர்மன் அளவு பிளேட் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறதாம். அக்பர் அலிக்கு அன்று உட்கார முடியவில்லை. டாக்டரிடம் போவது என்று வைத்திருந்த நாளில் மெட்ராஸ் ரயில் ஏறினார்.

"வந்து போய்க்கலாம், மெஹராஜ். நாம முந்தலைன்னா வேற எவனாவது அள்ளிட்டுப் போயிருவான்."

"போய்ட்டு வாங்க. இப்பப் பரவால்லைங்க."

பெட்டிகளோடு திரும்பி வந்தபோது வாசலிலேயே அவரைப் பார்த்து மெஹராஜ் சிரித்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "இத்தனை மொகம் பாக்கி இருக்குதா நமக்கு!" என்றாள். தலைவலி நின்றிருந்தது. டாக்டர் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாகச் சில நடந்தன. மெஹராஜ் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாள். பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள். பக்கவாட்டில் வந்து நின்று பேசினால் திடுக்கிட்டாள். அக்பர் அலி இதையெல்லாம் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டார். வேலை முன்னைவிட மெதுவாக நடந்தது, ஆனால் வேலையில் ஒரு குறை கிடையாது. பென்சில் முனை படும் இடம் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அந்த முனையைச் சுற்றி இருந்த உலகம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. அதை வெளியிலிருந்து யார் கண்டார்கள்?

அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில், பீளமேட்டுப் பஞ்சு வியாபாரி திருமலைசாமி தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். பெண்ணுக்கு முகம் நிறைய அம்மைத் தழும்பு. நாற்காலியில் உட்கார்ந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. அக்பர் அலி அவளைப் பேசவைத்து, நிமிரவைத்து, கண்ணுக்கு நேரே லென்ஸைத் திறந்து மூடினார். நல்ல படம் என்று துணிக்குள்ளேயே தெரிந்துவிட்டது. பிளேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் மெஹராஜிடம் கொடுத்தார். அவள் அதோடு நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கொடுத்ததை அவர் சரிபார்ப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அவசரம் என்று திருமலைசாமி ஆள் அனுப்பியதால், ஸ்டூடியோ உதவிக்காரர் போட்ட படத்தை உறையில் போட்டு அப்படியே கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலையில் திருமலைசாமி வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் அக்பர் அலிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. உறையிலிருந்து படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க பாய், எம்புள்ள உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?"

படத்தில் அந்தப் பெண்ணின் ஒரு கன்னம் பளிங்கு மாதிரி இருந்தது. மறு கன்னத்தில் ஒரு தழும்புகூடத் தொடப்படாமல் அப்படியே இருந்தது. மூக்கின் நடுவே கோடு கிழித்து இரண்டு பெண்களை ஒட்டவைத்த மாதிரி.

"அது படத்தப் பாத்துப்போட்டு மொகம் பாக்கற கண்ணாடிய எடுத்துட்டு உள்ள போயிருச்சுங்க. இன்னும் வெளிய வரல."

"தப்பு நடந்துபோச்சுங்ணா. மன்னிச்சுருங்க. நானே வந்து மறுபடி..."

"வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுத் திருமலைசாமி எழுந்து போனார்.

அக்பர் அலி ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. மெஹராஜ் ஜன்னலோரம் வேறொரு பிளேட்டோடு உட்கார்ந்திருந்தாள். படத்தை அவள் முன்னால் எறிந்தார்.

"கண்ண எங்க வெச்சுட்டு வேலை செஞ்ச? இந்தக் கடையோட பேரே போச்சு!"

அவர் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. மெஹராஜ் படத்தை எடுத்தாள். முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனாள். கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். புத்தகத்தை எழுத்து எழுத்தாகப் படிக்கிற மாதிரி.

"ரெண்டு பக்கமும் செஞ்சனுங்களே" என்றாள் மெதுவாக. "ஒரு கன்னம் முடிச்சு, அடுத்த கன்னம் செஞ்சனே..."

ஸ்டூடியோவிலிருந்து படத்தோடு கொண்டுவந்திருந்த அந்த பிளேட்டை அவர் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஒரே கன்னத்தில் பென்சில் இரண்டு தடவை படிந்திருந்தது.

அவருக்குக் கோபம் அப்படியே நின்றுபோயிற்று. ஓசைப்படாமல் அவளுக்குப் பக்கவாட்டில் போய் நின்றார். கையை அவள் காதோரம் நீட்டி விரல்களை ஆட்டினார். அவள் திரும்பவில்லை. கையை முன்னால் கொண்டுவந்தார். இன்னும் முன்னால். மூக்குக்கு நேரே வந்தபோதுதான், "என்னங்க பண்றீங்க?" என்றாள்.

"எத்தன நாளா இப்படி?"

மெஹராஜ் பென்சிலை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள்.

கண் டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். நீண்ட நேரம் சோதித்தார். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி நரம்பைக் கொன்றுவிட்டது என்றார். ஒரு கண்ணில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இன்னொன்றில் நடுவில் ஒரு சின்னத் துவாரம் மாதிரி மிச்சமிருக்கிறது. சொட்டு மருந்து தருகிறேன், ஆனால் அந்த மிச்சப் பார்வையும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

"பென்சில் வேலை செஞ்சதாலயாங்க?" என்று அக்பர் அலி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தேவலை போலிருந்தது.

"இல்லைங்க. வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. முன்னாடி தலைவலி வந்திருக்குமே? விளக்கைச் சுத்தி நிறம் நிறமாத் தெரிஞ்சிருக்குமே? அப்பவே வந்திருந்தா இதை நிறுத்தியிருக்கலாம்."

அக்பர் அலிக்குப் பங்குனி வெயிலும் மெட்ராஸ் ரயிலும் ஞாபகம் வந்தன. மெஹராஜுக்கும் வந்திருக்க வேண்டும். அவள் தலைகுனிந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

குதிரை வண்டியில் திரும்பும்போது அவர் கேட்டார். "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் காமிராவ வித்துப்போடுவேன்னு பயந்தியா? எனக்காகத்தான் மறைச்சியா?"

"உங்களுக்காக ஒண்ணுமில்லைங்க." அவள் குரலில் வருத்தம்கூட இல்லை, உள்ளதைச் சொல்லும் குரல். "தெரிஞ்சா நீங்க பிளேட்டக் கையில குடுக்க மாட்டீங்க. அதை உட்டா எனக்கு யாருங்க இருக்காங்க? நாலு செவுத்துக்குள்ள ஒக்காந்துட்டு நான் எத்தன பேரப் பாத்துப்போட்டேன். ஒரு மொகத்தோட மூணு நாள் இருந்தா அது நம்மூட்டு மனுஷியாட்ட ஆயிருமுங்க. இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன், இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்னு இருந்துட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி டவுன்ஹாலைத் தாண்டும்வரை விடவில்லை.

அடுத்த நாள் அவர் மயில்சாமியிடம் போனார். நடந்ததைச் சொன்னார். திருமலைசாமி வீட்டுக்குத் தன்னோடு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டார். இருவரும் பீளமேடு போனார்கள். விஷயத்தைக் கேட்ட திருமலைசாமி உள்ளே போய் மகளைக் கூட்டிவந்தார். மயில்சாமி வாசற்பக்கத்து வேப்பமரத்தடியில் அவளை நிறுத்தினார். பிளாஷ் ஒரு தடவை மின்னியது. அவ்வளவுதான்.

சாயங்காலம் மயில்சாமியின் ஸ்டூடியோவில் படம் தயாரானது. அக்பர் அலி அதை வாங்கிப் பார்த்தார். நேராக அடித்த பிளாஷ் வெளிச்சத்தில் குழிகளின் நிழலெல்லாம் காணாமல் போயிருந்தது. தழும்பு கொஞ்சம் தெரிந்தது, கொஞ்சம் தெரியவில்லை. சரியாகப் பாதி. மெஹராஜ் விட்டுவைக்கும் அதே பாதி. ஜன்னலோரம் நாள்கணக்கில் அவள் செய்த வேலையை ஒரு கண்சிமிட்டலில் அந்த விளக்கு செய்துவிட்டிருந்தது.

"நல்லா வந்திருக்குதுங்களா பாய்?" என்றார் மயில்சாமி.

"நல்லா வந்திருக்குதுங்க" என்றார். அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டில் மெஹராஜ் கேட்டாள். "அந்தப் புள்ளைக்குப் படம் எடுத்தீங்களா? ரீடச்சிங் யாருங்க பண்ணுனாங்க?"

"மயில்சாமிக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன்."

"நல்லாப் பண்ணியிருக்கானா?"

"உன்னாட்ட வருமா?" என்றார் அவர்.

அந்த மாதக் கடைசியில் அலமாரியிலிருந்த காமிராக்களையெல்லாம் இறக்கினார். எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. உக்கடத்துப் பழைய இரும்புக்காரர் பித்தளைக்காக வாங்கிக்கொண்டார். ஜெர்மன் காமிராவையும் அக்பர் அலியே தன் கையால் தூக்கி வண்டியில் வைத்தார். அழுகை வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. பாதி வாழ்க்கையை அதன் துணிக்குள் கழித்தவருக்கு, அது தெருமுனையில் திரும்பி மறைந்தபோது ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மீதமிருந்த பிளேட்டுகளைக் கழுவி வெறும் கண்ணாடியாக்கி, படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குக் கொடுத்துவிட்டார்.

மயில்சாமியே தேடிக் கொடுத்த சின்னக் காமிரா ஒன்றை வாங்கினார். கல்யாணங்களுக்குப் போனார். பிழைப்பு முன்னைவிட நன்றாகவே நடந்தது. மருந்து விட்டும் பயனில்லாமல், அறுபத்துமூன்றாம் வருஷ மழைக்காலத்தில் மெஹராஜுக்கு மிச்சமிருந்த பார்வையும் போயிற்று.

அவள் வீட்டுக்குள் பழகிக்கொண்டாள். சமைத்தாள், தொழுதாள், குரலை வைத்தே ஆட்களைச் சொன்னாள். அக்பர் அலிதான் அவளை அடிக்கடி வெளியே கூட்டிப்போகத் தொடங்கினார். முன்னே செய்யாததை இப்போது செய்தார். பெரியகடை வீதி, பேரூர் ஆற்றங்கரை, எங்கே வேண்டுமானாலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போத்தனூர் அக்கா வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சீட்டில் யாரோ ஒரு பெண் கைக்குழந்தையைத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். மெஹராஜ் அந்தக் குரலை நோக்கி முகத்தைத் திருப்பினாள். பிறகு அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, எதுக்கால ஒக்காந்திருக்கறது யாருங்க?"

"ஒரு பொம்பளை. கொழந்தை வெச்சிருக்கு."

"அது தெரியுதுங்க. மொகம் எப்படி இருக்குது?"

அக்பர் அலி பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் அந்தப் பெண்ணின் நெற்றியில் விழுவது தெரிந்தது. பின்னால் இருட்டு, அதனால் விளிம்பு நன்றாக எழும் என்பது தெரிந்தது. எந்த இடத்தில் நின்று எடுக்கலாம் என்பதும் தெரிந்தது. ஆயிரக்கணக்கான பேரைப் படம் எடுத்தவர். முகத்தைச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

"செவப்புங்களா? மாநெறமா?"

"மாநெறம். மூக்கு... மூக்கு கொஞ்சம் நீளம்."

"சிரிச்சாப்பல இருக்குதா, அழுதாப்பல இருக்குதா?"

அவர் மறுபடி பார்த்தார். அந்தப் பெண் இவர் பார்ப்பதைக் கண்டு சங்கடப்பட்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாரையும் மாதிரித்தான் இருக்குது, மெஹராஜ்."

மெஹராஜ் இன்னும் கொஞ்ச நேரம் முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தாள், அவர் வேறு ஏதாவது சொல்வார் என்று. குழந்தை தூங்கிப்போய்த் தாலாட்டும் நின்றுவிட்டது. அவள் திரும்பி நேராக உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகும் அவர்கள் பல இடங்களுக்குப் போனார்கள். முகத்தைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை.